அமாவாசைக்கு வந்தவன்

முதுகில் புல்லுக்கட்டைச் சுமந்துகொண்டு எதிரே இறங்கி வந்த பெண் அவனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நின்றவள் ஒற்றையடிப் பாதையை விட்டு விலகி, சரிவில் கொஞ்சம் ஏறி, தலைத்துணியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு பாறைப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். குற்றாலிங்கம் நமஸ்தே என்றான். கடந்து போகும்போது புல்லுக்கட்டு நடுங்குவது தெரிந்தது. குளிராக இருக்கும். இல்லை, பாரமாக இருக்கும். பாரம் என்றால் இறக்கி வைத்திருக்கலாமே. இந்தப் பக்கத்துப் பெண்கள் வெட்கப்படுகிறவர்கள் இல்லை. நேற்றுத் தங்கிய ஊரில் எந்த ஊர், என்ன வேலை, உங்கள் ஊரில் பனி விழுமா என்று சுற்றி உட்கார்ந்து கேட்டுச் சிரித்தார்கள். இவள் மட்டும் ஏன். திரும்பிப் பார்க்கலாமா என்று நினைத்தான். பார்த்தால் அவளும் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. பார்க்காமலே ஏறினான். மூடுபனி மேலிருந்து இறங்கி வந்து தேவதாரு மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. மதியம் தாண்டித்தான் இருக்கும், ஆனால் வெளிச்சத்தைப் பார்த்தால் பொழுது அடைகிற மாதிரி இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் கீழே இருந்து ஒரு குரல் கேட்டது. சொல் இல்லை, வெறும் கூவல். தாழ்ந்து தொடங்கி உயர்ந்து முடிந்தது. அவள்தான். அதற்கு, மேலே இருந்த ஊரிலிருந்து இன்னொரு கூவல் பதில் சொன்னது. ஆட்டைக் கூப்பிடுகிறார்களாக இருக்கும். ஆடு ஒன்றும் கண்ணில் படவில்லை.

பல்பீர் முன்னால் போய்விட்டிருந்தான். வழிகாட்டி என்று பேர்தானே தவிர வழியைக் காட்டுவதைவிட முன்னால் போய் அடுப்பு மூட்டி வைப்பதில்தான் அவனுக்கு அக்கறை. பாலத்துக்கு முன்னாடியே சொல்லிவிட்டான், ஒரே பாதைதான், நீங்க மெதுவா வாங்க, நான் போய் வீடு பேசி வைக்கிறேன் என்று. கூட வந்த இரண்டு பேரும், ஈரோட்டு ரயில் ஷெட்டில் இவனோடு வண்டி ஓட்டுகிறவர்கள்தான், தலைவலியும் வாந்தியும் தாங்காமல் கீழ் முகாமிலேயே திரும்பிவிட்டார்கள். இவனும் திரும்பியிருக்கலாம். ஏன் திரும்பவில்லை. மேலே என்ன இருக்கிறது. சரக்கு வண்டி ஓட்டுகிறவனுக்கு மூடுபனி புதிதில்லை. நாக்பூர்ப் பக்கம் வேலை பார்த்த வருஷங்களில் இந்தியும் படிந்தது, மார்கழிப் பனியில் சிக்னல் தெரியாமல் ஊர்ந்து போகிற பொறுமையும் படிந்தது. ஆனால் அங்கே கீழே தண்டவாளம் இருக்கும். தெரியாவிட்டாலும் இருக்கும். இங்கே இருப்பது கால் அகலத்துக்கு ஒரு மண், இடது பக்கம் வெறும் சத்தம். ஆறு கீழே எங்கேயோ பேசிக்கொண்டே இருந்தது. இதே சத்தம்தான். அண்ணன் கடைசியாகப் போன் பண்ணினபோது பின்னால் கேட்டது இந்தச் சத்தம்தானே. கடைசி பஸ் நிற்கிற ஊர்ல இருக்கேன்ல, நாளைக்கு நடக்க ஆரம்பிச்சிருவேன், அம்மாகிட்ட சொல்லிரு என்றார். ஊர் பேரைச் சொன்னார், ஆற்றுச் சத்தத்தில் விழவில்லை. மறுபடி கேட்டிருக்கலாம். எல்லா ஆற்றுக்கும் ஒரே சத்தம்தான் என்று இந்தப் பயணத்தில் தினமும் தனக்குள் சொல்லிக்கொண்டு வருகிறான். எல்லா ஆற்றுக்கும் ஒரே சத்தம் என்றால் தினமும் சொல்ல வேண்டிய அவசியம் என்ன.

தாடி அரித்தது. புறப்பட்டதிலிருந்து சவரம் இல்லை, கண்ணாடியும் இல்லை. விரலால் தடவினால் வேறு யாருடைய முகத்தையோ தொடுகிற மாதிரி இருந்தது. சிவசைலம் அண்ணனுக்கு எப்போதும் தாடி உண்டு. தென்காசியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு தடவை கடையைப் பூட்டிவிட்டு வடக்கே மலைக்குக் கிளம்பிவிடுவார். ஊரெல்லாம் காசிக்குப் போகிறார் என்று நினைத்துக்கொள்ளும். ஒரு தடவை போனவர் வரவில்லை. அவ்வளவுதான். செத்தார் என்று சொல்ல யாரும் இல்லை, இருக்கிறார் என்று சொல்லவும் யாரும் இல்லை. தேடி வந்த போலீசும் சொந்தக்காரர்களும் மூன்று பள்ளத்தாக்கில் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். நாலாவது, அஞ்சாவது என்று இருந்துகொண்டே இருந்தது, இந்த மலையில் பள்ளத்தாக்குக்குக் குறைச்சலே இல்லை. அண்ணன் வரட்டும் என்று தள்ளிப்போட்ட இவன் கல்யாணம் தள்ளியே போய்விட்டது. அண்ணன் போனபோது இருந்த வயசை இந்த வருஷம்தான் இவன் எட்டியிருந்தான். இனிமேல் இவன் மூத்தவனாகிக்கொண்டே போவான், அண்ணன் அங்கேயே நிற்பார். இது நடந்துகொண்டிருக்கும்போது நினைக்க வேண்டிய விஷயமா. காலைப் பார்த்து வை. வேர். கல். ஆட்டுப் புழுக்கை. அடுத்த கல்.

வயல்கள் வந்தன. பனிக்குள்ளிருந்து திடீரென்று ஒரு சிவப்பு. முதலில் நெருப்பு என்று நினைத்து நின்றுவிட்டான். கீரை. இங்கே தானியத்துக்காக ஆளுயரம் வளர்க்கிற தண்டுக்கீரை, கதிரெல்லாம் ரத்தச் சிவப்பு. நடுவில் ஒருவன் அரிவாளோடு குனிந்திருந்தான். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவன் நிமிர்ந்தபடியே இருந்தான். இவன் கையைக் கூப்பினான். அந்த ஆள் அரிவாளை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, உரக்கவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல், பழகினவனிடம் சொல்கிற மாதிரி இந்தியில் சொன்னான். "உனக்கு வச்சதைச் சாப்பிட்டே இல்ல. அப்புறம் ஏன் மேலே வர்றே." குற்றாலிங்கத்துக்குச் சொல் எல்லாம் புரிந்தது, சேர்த்து வைத்தால் ஒன்றும் புரியவில்லை. "என்னையா சொல்றீங்க" என்றான். "எல்லா வருஷமும் வச்சிட்டுத்தானே இருக்கோம். ஒரு குறையும் வைக்கலை. கீழேயே இரு" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் பின்பக்கமாகவே நடந்து, முகத்தைத் திருப்பாமல், சிவப்புக்குள் போய் மறைந்தான். கதிர்கள் ஆடின, நின்றன.

சாப்பிட்டே இல்ல. சாப்பிட்டான்தான். பாலத்துக்கு இந்தப் பக்கம் தட்டைக் கல்லின் மேல் இலையில் நாலு பூரி, கொஞ்சம் பாயசம், இரண்டு வாதுமைக்கொட்டை. பல்பீர் வழியில் தங்குகிற இடங்களில் இவனுக்கென்று இப்படி எதையாவது வைத்துவிட்டுப் போவது வழக்கம், பிஸ்கட், ஆப்பிள், ஒரு தடவை வேகவைத்த உருளைக்கிழங்கு. பாயசம் எங்கே கிடைத்தது இவனுக்கு என்று நினைத்தான், பசியில் அதற்கு மேல் நினைக்கவில்லை. பக்கத்தில் ஒரு காக்கை உட்கார்ந்து கோபமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. இவன் தின்னும் வரை பார்த்துக்கொண்டிருந்தது. இலை. பாயசம். காக்கை. இன்றைக்கு என்ன. தெரியும் என்ன என்று. தெரிந்துதானே விடுப்புப் போட்டுக்கொண்டு வந்தான். மகாளய அமாவாசை. வருஷா வருஷம் இந்த நாளுக்கு முன்னாடியே அம்மா ஆரம்பித்துவிடுவாள்: எள்ளுந் தண்ணியும் இல்லாம எம் புள்ள எங்க அலையுதோ, நீயாவது எறச்சா என்னல. அடுப்படியிலிருந்து ஆவுடை மதினி, சத்தமே உயர்த்தாமல்: "உசிரோட இருக்குற மனுசருக்கு யாராவது எள்ளு எறப்பாவளா, அத்தை." மதினி நெற்றியில் குங்குமம் அன்றைக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். ராத்திரி அண்ணனுக்கு ஒரு தட்டு எடுத்து மூடி வைப்பாள், காலையில் அதை அவளே சாப்பிடுவாள். இரண்டு பேரும் இவன் முகத்தைப் பார்ப்பார்கள், நீ சொல்லு என்கிற மாதிரி. என்ன சொல்வான். அதனால் ஒவ்வொரு வருஷமும் இந்த நாளில் டூட்டி கேட்டு வாங்கி வண்டி ஏறிவிடுவான். இந்த வருஷம் மலை.

கல்லும் மரமும் மாற்றி மாற்றி அடுக்கிய முதல் வீடு பனியிலிருந்து வெளியே வந்தது. மாடத்தில் ஒரு கிழவர் கம்பளி நூற்றுக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்ததும் தக்கிளி கையிலிருந்து நழுவி, நூலோடு சுழன்றுகொண்டே கீழே இறங்கியது. அவர் எடுக்கவில்லை, எழுந்து உள்ளே போனார். கதவு சாத்துகிற சத்தம். மரத்தாழ்ப்பாள் விழுகிற சத்தம். அடுத்த வீடு, இவன் போய்ச் சேருவதற்கு முன்னாடியே சாத்தியிருந்தது, ஆனால் பாதை மட்டத்திலிருந்த கூரையில், காயப்போட்ட பழங்களுக்குப் பக்கத்தில், ஒரு பெண்ணின் கைத்தடம் இன்னும் ஈரமாக இருந்தது. அதற்கடுத்ததும் சாத்தியிருந்தது. ஒரு நாய் வந்தது. இந்த மலை நாய்கள் புலியையே எதிர்க்கும் என்று பல்பீர் சொல்லியிருந்தான். அது குரைக்கவில்லை, வாலை ஒடுக்கிக்கொண்டு இவனைச் சுற்றி அகலமாக ஒரு வட்டம் போட்டு விலகிப் போயிற்று. பல்பீர் என்று கூப்பிட்டான். குரல் வாயை விட்டுப் போனதே தவிர எங்கேயும் போய்ச் சேரவில்லை. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, காலையிலிருந்தே பின்னால் நடந்து வந்துகொண்டிருந்துவிட்டு இப்போது பக்கத்தில் வந்த மாதிரி. காலையில் மண் சரிந்த இடத்தைக் கடக்கும்போது கால் வழுக்கியது. உடம்பு முழுக்க ஒரு தடவை காற்றில் இருந்தது. பல்பீர் கையைப் பிடித்து இழுத்தான். பிடித்தானா. பிடித்தான், பிடித்துவிட்டுச் சிரித்தானே. அதற்குப் பிறகு பல்பீர் தன்னைத் தொட்டானா. அதற்குப் பிறகு தன்னோடு பேசினானா, இல்லை முன்னால் போய்க்கொண்டே தனக்குத் தானே பேசினானா. நீங்க மெதுவா வாங்க என்றது யாரிடம்.

நின்றான். மூச்சு வாங்கியது. செத்தவனுக்கு மூச்சு வாங்குமா. வாங்காது என்று யார் வந்து சொன்னார்கள். இன்ஜினில் ஒரு பொத்தான் உண்டு. ஓட்டுகிறவன் சும்மா இருந்தால் விளக்கு எரியும், அப்புறம் சீழ்க்கை அடிக்கும், அழுத்தாவிட்டால் வண்டி தானாக நின்றுவிடும். நான் முழித்திருக்கிறேன், நான் இருக்கிறேன் என்று நிமிஷத்துக்கு நிமிஷம் இரும்புக்குச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். வீட்டுக்கு வந்து தூங்கும்போதுகூடக் கட்டைவிரல் அழுத்தும் என்று அம்மா சொல்வாள். இப்போது அந்த விரலால் மணிக்கட்டில் நாடி தேடினான். கை விறைத்திருந்ததால் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலுக்குத் தெரியவில்லையா, அங்கே ஒன்றும் இல்லையா. இப்படி ஊரே கதவைச் சாத்துகிறதென்றால் ஊருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. அண்ணனும் இப்படித்தானோ. எங்கேயோ வழுக்கி, வழுக்கினதே தெரியாமல், ஊர் ஊராக நமஸ்தே சொல்லிக்கொண்டு, ஏன் யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டு, பத்துப் பதினோரு வருஷமாக ஏறிக்கொண்டே இருக்கிறாரோ. இந்தத் திருப்பத்தில் எதிரே வந்தால் முதலில் யார் ஒதுங்குவது.

எதிரே வந்தது ஒரு பெண். ஐம்பது வயசிருக்கும், ஆண்கள் போடுகிற கம்பளிக் கோட்டு, பயந்தவள் நடக்கிற நடை இல்லை. அவளுக்குப் பின்னால் எட்டி நின்ற பல்பீரின் முகம் வெளுத்திருந்தது. அவள் நேராக வந்தாள், கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள், இவன் முகத்தை வலது புறம், இடது புறம், தாடி, நெற்றி என்று மெதுவாகப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி இவன் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கிற பிடி. அப்படியே நின்றாள். சாத்தின கதவுகளுக்குப் பின்னால் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

"சூடா இருக்கு" என்றாள், இவனிடம் இல்லை, கதவுகளிடம். பிறகு இவனிடம், "நீ அவர் இல்லை."

"யார்?" என்று கேட்டான். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. பதினோரு வருஷமாகத் தெரிய வேண்டியது, கேள்வியின் பாதியிலேயே தெரிந்துவிட்டது.

"அண்ணனா, தம்பியா" என்றாள் அவள்.

"தம்பி."

"வர்றதுக்கு இவ்வளவு நாளா" என்றாள். திட்டுகிற குரல் இல்லை. கையை விடாமலே கூட்டிக்கொண்டு போனாள். வழியில் ஒரு கதவு ஒரு விரல் அகலம் திறந்தது, இன்னொன்று. பல்பீர் பின்னால் வந்துகொண்டே தாழ்ந்த குரலில் சொன்னான், புல்லுக்குப் போன பெண் மேட்டிலிருந்து பாலத்துப் பக்கம் உங்களைப் பார்த்திருக்கிறாள் சார், இலையில் வைத்ததை நீங்கள் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறாள், அது செத்தவருக்கு வைத்தது, அந்த முகமே உட்கார்ந்து சாப்பிட்டால் அவள் என்ன நினைப்பாள், அதைத்தான் கூவி ஊருக்குச் சொன்னாள். குற்றாலிங்கம் தலையை ஆட்டினான். சார் என்கிறான். என்னைத்தான் சொல்கிறான். அப்படியென்றால் காலையில் பிடித்தான். பிடித்திருக்கிறான். அண்ணனை யாரும் பிடிக்கவில்லை.

அவள் பேர் ஜமுனா தேயி. வீட்டுக்குள் நடுவில் அடுப்பு, புகை போக வழி கூரையில் ஒரு சின்னத் துளை. உட்கார வைத்து, உப்புப் போட்ட டீயைக் கையில் கொடுத்து, சொன்னாள். அந்த வருஷம் பனி முன்னாடியே விழுந்துவிட்டது. கணவாயிலிருந்து தனியாக இறங்கி வந்தார். பையை ஆறு கொண்டுபோய்விட்டது என்றார். நெஞ்சில் சளி கொதிக்கிற சத்தம் வாசலுக்கே கேட்டது. முதல் நாள் இந்தி பேசினார், ஊர் தெற்கே ரொம்ப தூரம் என்றார், என் மூக்குக்கண்ணாடியை வாங்கி வளைத்துச் சரி பண்ணிக் கொடுத்தார். அப்புறம் காய்ச்சல். இந்தத் தூணுக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தார். போன பிறகு ஆற்றங்கரையில் வைத்து எரித்தோம். பனி உருகினதும் கீழே சொல்லி அனுப்பினோம், யாரும் வரவில்லை. பேரோ ஊரோ தெரியாமல் செத்தவர்களுக்கெல்லாம் இந்த அமாவாசை உண்டே, அதில் அவருக்கும் ஒரு இலை வைக்கிறோம். அவள் சொல்லச் சொல்ல இவன் தூணையே பார்த்துக்கொண்டிருந்தான். தூண். புகையில் கறுத்த தூண். மதினி மூடி வைக்கிற தட்டு. இங்கே இலை, அங்கே தட்டு. அங்கே போய் எப்படி ஆரம்பிப்பது. வாசலில் நின்றா, உள்ளே போய் உட்கார்ந்தா. தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டா. மதினி முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொள்வாள், இந்தத் தாடியோடு போனால் முதலில் அவளும் வேறு எதையோ நினைத்துவிடுவாள், ஒரு நொடி சந்தோஷப்பட்டுவிடுவாள். சவரம் பண்ணிக்கொண்டுதான் போக வேண்டும். அழுகை வரவில்லை. மூச்சுதான் வரவில்லை, புகையா, உயரமா, ஊர் ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து சுவரோடு உட்கார்ந்ததாலா.

"உன்னை ஒண்ணு கேக்கணும்" என்றாள் ஜமுனா தேயி. வந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எல்லோருக்கும் தெரிந்த கேள்வி போல. "கடைசியில அவர் இந்தியை மறந்துட்டார். உங்க பாஷையிலதான் பேசினார். ஒரே பேச்சு, திரும்பத் திரும்ப. என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார். நான் தண்ணி கொடுத்தேன், தள்ளிவிட்டார். இன்னொரு கம்பளி போத்தினேன், அதையும் தள்ளிவிட்டார். குளிர் வருதேன்னு கதவுச் சந்தெல்லாம் சாக்கு வச்சு அடைச்சேன். அப்பவும் அதையேதான் சொன்னார். மறந்துடக் கூடாதுன்னு நான் இத்தனை வருஷமா தினமும் சொல்லிப் பார்த்துக்கறேன். அது என்னன்னு சொல்லு. எதையாவது கேட்டு நான் கொடுக்காம விட்டேனா."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். கத்வா ஸாத்தாதியா. மந்திரம் சொல்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. இவனுக்கு முதலில் புரியவில்லை. மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவை அவள் குரலுக்கு அடியிலிருந்து தென்காசிப் பேச்சு எழுந்து வந்தது, கடையில் ஆளிடம் சொல்கிற அதே குரலில், மரியாதை விடாமல், கெஞ்சாமல். கதவச் சாத்தாதிய. கதவைச் சாத்தாதீர்கள். சந்தெல்லாம் சாக்கு வைத்து அடைத்தேன் என்றாளே. சளி நிறைந்த நெஞ்சு, புகை நிறைந்த அறை. கதவச் சாத்தாதிய. இவள் கையைப் பிடித்துக்கொண்டு. இவளும் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, நல்ல மனசோடு, ஒவ்வொரு சந்தாக. அவள் கண்ணைத் திறந்து இவனைப் பார்த்தாள். சுவரோடு உட்கார்ந்திருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

"நல்லா பாத்துக்கிட்டீங்கன்னு சொல்லியிருக்கார்" என்றான் குற்றாலிங்கம். குரல் தடுமாறவில்லை. "குளிரே தெரியலை, இந்த வீடு நல்லா இருக்கணும்னு. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கார்."

அவள் தோள் இரண்டும் மெதுவாக இறங்கின, எத்தனையோ வருஷமாகத் தூக்கி வைத்திருந்ததை இறக்கினவள் மாதிரி. யாரோ ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். கம்பளி நூற்ற கிழவர் பெருமூச்சு விட்டார். இவனுக்கும் ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. இதையே மதினிக்கும் சொல்லிவிடலாம், இதையே அம்மாவுக்கும்; சொல்லச் சொல்ல இதுவே நடந்ததாக ஆகிவிடும், நல்ல மனுஷர்கள் நடுவில், குளிர் தெரியாமல். யாரோ அடுப்பில் ஈர விறகைச் செருகினார்கள். புகை எழுந்து, துளையைக் கண்டுபிடிக்க முடியாமல் கூரைக்கடியில் சுருண்டு, மறுபடி கீழே வந்தது. நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்த மாதிரி இருந்தது. இன்னும் ரெண்டு பேர் உள்ளே வந்தார்கள். வாசலில் மூடுபனி வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது, அந்த ஒரு சதுரத்திலிருந்துதான் காற்று வந்தது, இவன் அதையே பார்த்து இழுத்துக்கொண்டிருந்தான். ஜமுனா தேயி முழங்காலில் கையூன்றி எழுந்தாள். விருந்தாளிக்குக் குளிருமே என்று முணுமுணுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் கதவின் பலகையில் கை வைத்தாள். வெள்ளைச் சதுரம் ஒடுங்கியது.

"கதவச் சாத்தாதிய" என்றான்.

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. பல்பீருக்குப் புரியவில்லை, அவன் மட்டும் எல்லார் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். ஜமுனா தேயி கதவில் வைத்த கையை எடுக்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் உதடு அசைவது பக்கவாட்டில் தெரிந்தது. தான் இத்தனை வருஷமும் சொன்னதையும் இப்போது காதில் விழுந்ததையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். இவன் எழுந்திருக்கப் போனான், என்னவோ சொல்லப் போனான், இந்தியில் ஒரு சொல்கூட வாய்க்கு வரவில்லை.

அவள் திரும்பவில்லை. கதவைச் சுவரோடு போய் முட்டும் வரை அகலத் திறந்தாள். வெளியே குனிந்து ஒரு கல்லை உருட்டி வந்து அதற்கு அண்டை கொடுத்தாள். அப்புறம் அடுப்புப் பக்கம் வராமல் அந்த வாசல்படியிலேயே, கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு, பனி முதலில் வந்து படுகிற இடத்தில் உட்கார்ந்தாள்.